கடலுக்கு எதிரே பத்து அறைகள்

சிங்கப்பூர் பீச் ரோட்டில் நின்றுகொண்டு கடல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. எதிரே பெரிய சாலை, அதற்கப்பால் வானளாவிய கட்டடங்கள். ஆனால் அந்தச் சாலையின் 1ஆம் எண்ணில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ராஃபிள்ஸ் ஹோட்டல் கடலைப் பார்த்தபடி பிறந்த விடுதி. கடல் தள்ளிப்போன பிறகும் அதில் ஓரிரவு தங்க உலகின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பழைய காலத்துச் சொகுசு எப்படி இருக்கும் என்று கேட்டால் பலரும் கைகாட்டும் இடம் அது. எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர்களுக்கு அதன் ஒவ்வொரு கதவும் தாழ்வாரமும் கூடுதலாகப் பேசும்.

ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தை நிறுவினார். 1822இல் அவர் வகுத்த நகரத் திட்டத்தில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. பீச் ரோட்டுப் பக்கம் ஐரோப்பியர்களுக்கு வந்தது. கடலைப் பார்த்த பங்களாக்கள், முன்னால் புல்வெளி, அதையடுத்து சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் மணல். அங்கே 1830களில் எழும்பிய பங்களா ஒன்றுதான் நம் கதையின் விதை.

1878இல் டாக்டர் சார்லஸ் எமர்சன் என்பவர் அந்த பங்களாவை வாடகைக்கு எடுத்து ஹோட்டல் நடத்தினார். 1883இல் அவர் இறந்ததும் ஹோட்டல் மூடப்பட்டது. பிறகு பக்கத்திலிருந்த ராஃபிள்ஸ் பள்ளி அதை மாணவர் விடுதியாக வைத்திருந்தது. 1887இல் குத்தகை முடிந்தது. உரிமையாளரான அரபு வணிகர் சையது முகமது அல்சகாஃபிடமிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பாரசீகத்தின் இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்கீஸ் சகோதரர்கள்.

மார்ட்டின், திக்ரான், அவியெத், அர்ஷாக் என்று அவர்கள் நால்வர். பினாங்கில் ஏற்கெனவே விடுதி நடத்திக் கைதேர்ந்திருந்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததிலிருந்து ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலான பயணம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. நீராவிக் கப்பல்கள் வாரம் தவறாமல் வந்தன. நிலக்கரி நிரப்பவும் சரக்கு ஏற்றவும் சிங்கப்பூரில் நிற்காத கப்பல் குறைவு. ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலுக்காகக் காத்திருப்பவருக்கு நல்ல சாப்பாடும் காற்றோட்டமான அறையும் வேண்டும். தகரமும் பிறகு ரப்பரும் மலாயாவில் பணத்தைக் கொட்டவிருந்த காலம் அது. இதையெல்லாம் சரியாகக் கணித்தவர் திக்ரான்.

1887 டிசம்பர் 1ஆம் தேதி ஹோட்டல் திறந்தது. மொத்தம் பத்தே அறைகள். பெயரை யோசிக்க வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி பதாங் திடலில் ராஃபிள்ஸின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டிருந்தது. ஊர் முழுக்க அந்தப் பெயர்தான் பேச்சு. அரபு வணிகரின் கட்டடத்தில், ஆர்மீனியர்களின் முதலீட்டில், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரில் ஹோட்டல் தொடங்கியது. சிங்கப்பூர் என்ற துறைமுகத்தின் குணம் முழுவதும் இந்தப் பத்து அறைகளுக்குள் இருந்தது.

1889இல் 23 வயது இளைஞர் ஒருவர் அந்த வழியாக வந்தார். எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். சமையல் பிரமாதம், அறைகள் மோசம் என்பது அவர் கணிப்பு. சாப்பிட ராஃபிள்ஸுக்குப் போங்கள், தூங்க வேறு ஹோட்டலுக்குப் போங்கள் என்று பயணிகளுக்கு எழுதிவைத்தார். ஹோட்டல் விளம்பரங்களில் அந்த வாக்கியத்தின் முதல் பாதி மட்டும் இடம்பெற்றது. இரண்டாம் பாதிக்கான பதிலைக் கட்டடமாகவே எழுப்பினார்கள். 1890இல் பங்களாவின் இருபுறமும் இரண்டு மாடிக் கட்டடங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் 22 அறைத்தொகுதிகள். 1894இல் பாம் கோர்ட் பகுதி சேர்ந்தபோது எண்ணிக்கை 75 ஆனது. கடைசியில் மூலப் பங்களாவையே இடித்துவிட்டு, அதே இடத்தில் மூன்று மாடிப் பிரதான கட்டடத்தை எழுப்பினார்கள். 1899 நவம்பரில் அது திறக்கப்பட்டது.

அதை வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் ஆர்.ஏ.ஜே. பிட்வெல். கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாத் கட்டட வடிவமைப்பிலும் பங்குகொண்டவர். பூமத்தியரேகைக்குப் பக்கத்திலிருக்கும் ஊரில் வெயிலும் புழுக்கமும் மழையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெள்ளைப் பளிங்குத் தரை போட்டார். அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை. மின்விளக்கு, மின்விசிறி. நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1906இல்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே இந்த ஹோட்டல் இரவில் மின்னொளியில் நின்றது. வட்டாரத்தில் மின்விளக்கு கண்ட முதல் ஹோட்டல் இது.

தங்கும் அறையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஹோட்டலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நீளமான பொதுத் தாழ்வாரத்திலிருந்து கதவைத் திறந்தால் நேராகப் படுக்கையறை வந்துவிடாது. முதலில் சிறிய முன்கூடம். உட்காரவும் எழுதவும் அங்கே இடம். அதன் பின்னால் படுக்கையறை. கடைசியில் குளியலறை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் இருப்பதால் முன்னால் நுழையும் காற்று பின்னால் வெளியேறுகிறது. கூரை சுமார் 14 அடி உயரம். சூடான காற்று மேலே போய்விடும். வெயில் நேராக அறைக்குள் விழாதபடி தாழ்வாரம் காவல் நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம் என்று வெளிச்சத்தையும் காற்றையும் படிப்படியாக உள்ளே அழைப்பார்களே, அதே ஞானம். பங்களாவும் தாழ்வாரமும் ஆங்கிலேயர்கள் இந்தியாவில் வாழ்ந்து பழகி, கிழக்கே கொண்டுபோனவை.

நம் பக்கத்துக் கைவண்ணத்துக்கு அந்த வட்டாரத்தில் நேரான சாட்சியும் உண்டு. ஹோட்டலிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் 1861 வரை கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதன் சுவர்களுக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழவென்று தேய்த்தெடுத்த பூச்சு. ராஃபிள்ஸில் தங்குகிறவர்கள் காலை நடையாக அங்கே போய் அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு வரவேண்டும். சொகுசு விடுதிகளைப் பற்றிய கதைகளில் கட்டடக்காரர்களின் உழைப்பு மறைந்துபோகிறது. அந்த நகரை எழுப்பிய கைகளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அந்தக் காலை நடை.

பிரதான கட்டடம் திறந்தபிறகு ஹோட்டலைத் தேடி வந்தவை ஏராளம். 1902இல் வேடிக்கைக் காட்சிக்காரர்களிடமிருந்து தப்பிய புலி ஒன்று, தூண்கள்மேல் உயர்த்திக் கட்டப்பட்ட பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் போய்ப் பதுங்கியது. ராஃபிள்ஸ் பள்ளியின் தலைமையாசிரியர் பிலிப்ஸ் துப்பாக்கியோடு வந்து அதைச் சுட்டார். 1915 வாக்கில் ஹைனான் தீவைச் சேர்ந்த மதுக்கூட ஊழியர் ஞியாம் டோங் பூன் கலக்கிய இளஞ்சிவப்புப் பானம் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்று உலகமெங்கும் போனது. எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்து தங்கினார்.

சரிவும் வந்தது. உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. 1931இல் அர்ஷாக் இறந்தார். அதே ஆண்டு சார்கீஸ் நிறுவனம் திவாலானது. 1933இல் பொது நிறுவனமாக மாறி ஹோட்டல் பிழைத்தது. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததும் அது ஷோனான் ரியோகான் என்ற பெயரில் அவர்களுடைய விடுதியாயிற்று. போர் முடிந்தபின் விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளுக்கு இடைத்தங்கல் முகாமாகவும் இருந்தது. இன்னொரு பக்கம், கடலைத் தூர்த்து நிலம் சேர்க்கும் வேலை கட்டங்கட்டமாக நடந்துகொண்டே இருந்தது. 1970களில் மெரினா பகுதி உருவானபோது கடல் பார்வைக்கே எட்டாமல் போனது.

1987இல், நூறாவது ஆண்டில், சிங்கப்பூர் அரசு அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. 1989இல் மூடி, பெரும் பொருட்செலவில் புதுப்பித்து, 1991 செப்டம்பர் 16இல் மறுபடி திறந்தார்கள். இதை ஹோட்டலின் இரண்டாவது பிறப்பு என்றே சொல்வேன். நூறாண்டுக் கட்டடத்தை எந்த ஆண்டின் தோற்றத்துக்குத் திருப்புவது என்ற கேள்விக்கு அவர்கள் தேர்ந்த விடை 1915. அந்தத் தேர்வுக்கு விலையும் இருந்தது. முகப்பில் பிற்காலத்தில் சேர்த்த புகழ்பெற்ற நடனக்கூடத்தை இடித்தார்கள். அது வருவதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்பு முகப்பு மண்டபத்தைத் திரும்ப உருவாக்கி நிறுத்தினார்கள். எல்லா அறைகளும் முன்கூடத்தோடு கூடிய தொகுதிகளாயின. 2019இல் இன்னொரு சுற்றுப் புதுப்பிப்பு முடிந்தபோது தொகுதிகள் 115.

இன்று அங்கே தங்குகிறவர்கள் ரசிக்கும் எதுவும் முதன்முதலில் பழமைக்காகச் செய்யப்பட்டதில்லை. சுழலும் விசிறி 1899இல் ஊரே வியந்த புதுமை. பளிங்குத் தரை, உயரக் கூரை, முன்கூடம் எல்லாம் வெக்கையில் வாடி வந்த கப்பல் பயணியை ஆற்றுவதற்காக, அன்றைக்கு எட்டிய மிகச் சிறந்த அறிவைக் கொண்டு செய்தவை. சார்கீஸ் சகோதரர்கள் பழமையைப் போற்றுகிறவர்களாக இருந்திருந்தால் மூலப் பங்களாவை இடித்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு முக்கியம் வந்தவரின் சௌகரியம்.

இன்று கோவளத்திலிருந்து கொழும்பு வரை, பினாங்கிலிருந்து பாலி வரை பழங்காலப் பாணியில் கடற்கரை விடுதிகள் எழும்புகின்றன. தூண்களையும் மர ஜன்னல்களையும் நகலெடுப்பது சுலபம். மூடிய கண்ணாடிக்குப் பின்னால் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, வெளியே அலங்காரத் தாழ்வாரம் ஒட்டினால் பாணி வந்துவிடும், பண்பு வராது. பிட்வெல்லின் காற்றோட்டக் கணக்கை நகலெடுப்பவர்கள்தான் ராஃபிள்ஸிடமிருந்து உண்மையில் கற்றுக்கொண்டவர்கள். அப்படிப்பட்ட விடுதிக்கு வாசலில் கடல் இருந்தால் பாக்கியம். இல்லாவிட்டாலும் அது நிற்கும் என்பதற்கு பீச் ரோட்டின் 1ஆம் எண் போதும்.