மறைத்த புண்: லங்காஷயர் ஆலைகளிலிருந்து திருப்பூர் வரை

தோல் புற்றுநோய் என்று தெரிந்தபின் நோயாளியின் மனம் என்ன பாடுபடுகிறது என்று அளந்த ஆய்வுகள் பெரும்பாலும் வெள்ளைத் தோலினர் வாழும் நாடுகளில் நடந்தவை. நோய் கண்டறிந்த நாளிலிருந்தே அவை கணக்கைத் தொடங்குகின்றன. துணித் தொழிலின் வரலாற்றைப் படித்தால், புண்ணை மறைக்கத் தொடங்கும் நாளிலேயே மனச்சுமை ஏறிவிடுவது தெரிகிறது.

1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையில் வரும் புற்றுக்குப் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். நூறாண்டுக்குப் பின் அதே இடத்துப் புற்று, லங்காஷயரில் மியூல் எந்திரத்தில் நூல் நூற்ற ஆண்களுக்கு வந்தது. கதிர்களுக்கு விட்ட கனிம எண்ணெய் தெறித்து, குனிந்து வேலை செய்தவர்களின் காற்சட்டையில் ஊறியது. சௌதம், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1922-இல் மான்செஸ்டர் அரச மருத்துவமனையின் இருபதாண்டுப் பதிவுகளைப் புரட்டினர்; விதைப்பைப் புற்று வந்த 141 பேரில் 69 பேர் மியூல் நூற்பாளர்கள். கண்ணுக்குத் தெரியும் நோய், தொடக்கத்திலேயே வெட்டியெடுத்தால் குணமாகும் நோய். ஆனாலும் பலர் கூச்சத்தால் புண் முற்றும்வரை வாய் திறக்கவில்லை. எண்ணெயைக் கட்டுப்படுத்தும் சிறப்பு விதிகள் அங்கே வருவதற்கு 1953 ஆயிற்று.

இந்திய ஆலைகள் பெரும்பாலும் மியூலை விட்டு ரிங் நூற்பு எந்திரத்துக்கு மாறிவிட்டதால் அந்தக் கொடுமை இங்கே அப்படியே வரவில்லை. சட்டம் மட்டும் வந்தது: 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, வேலையால் வரும் தோல் புற்றை மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றிருந்தது. நம்மிடையே இருந்த வடிவம் வேறு. பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் வி. ஆர். கானோல்கர், இடுப்பில் வேட்டி இறுகும் இடத்துப் புற்றை 1945-இல் பதிவு செய்தார். பாவாடை நாடாவின் தடத்திலும் அது வருவதைப் பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். முதலில் நிறம் மாறிய தடம், பிறகு அரிப்பு, கடைசியில் ஆறாத புண். இதுவும் பிறர் கண்ணில் படாத இடம்தான். களிம்பு தடவி ஆண்டுகளை ஓட்டிவிடலாம்.

பின்னலாடை நகரான திருப்பூரில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே சாயத்தண்ணீரைக் காட்டுவார்கள். நொய்யல் ஆறு பாழானதும், சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதும் உண்மை. ஆனால் சாயத் தொழிலோடு உறுதியாக இணைக்கப்பட்ட புற்று சிறுநீர்ப்பையுடையது. பிராங்பர்ட்டில் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே அதைக் கண்டார். அதையும் தோல் புற்றையும் குழப்புவதில் ஒரு தீமை இருக்கிறது. சாயப்பட்டறைக்கே போகாத டைலர், காலில் உள்ள கரும்புள்ளி தனக்கு ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்வார். கருந்தோலர்க்கு மெலனோமா என்ற தோல் புற்று உள்ளங்காலில் வருவது அதிகம். அதை ஆணி என்று எண்ணி பிளேடால் செதுக்குபவர்கள் உண்டு.

தோல் என்பதால் இன்னொரு அச்சமும் சேர்கிறது. 1898-இல் வந்த தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் வழி 2019 வரை திறந்திருந்தது. நூறாண்டுக்கு மேல் சட்டமே தோல் நோயாளியை ஒதுக்கிய நாட்டில், ஆறாத புண்ணைப் பார்த்ததும் மனம் பெருநோய்க்கு ஓடுவதில் வியப்பில்லை. புற்று தொற்றாது என்று மருத்துவர் சொன்ன பிறகும் தட்டையும் தம்ளரையும் தனியாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்ற கவலை, சிகிச்சைச் செலவைவிட முந்திக்கொள்ளும்.

நோயாளியிடம் சொல்வதா என்ற கேள்விக்கும் வரலாறு உண்டு. 1961-இல் டொனால்ட் ஓக்கன் சிகாகோவில் விசாரித்த மருத்துவர்களில் 90 விழுக்காட்டினர் புற்றுநோய் என்று சொல்லாமலிருப்பதையே விரும்பினர். 1979-இல் மற்றொரு அமெரிக்க ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதை விரும்பினர். நியூயார்க்கில் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட் புற்றுநோய் உளவியலைத் தனித்துறையாக வளர்த்தது அந்தக் காலத்தில்தான். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இதற்கெனத் துறை அமைத்தது. இந்திய நோயாளிகளுக்கான வாழ்க்கைத்தர வினாநிரல் ஒன்றைச் சரிபார்த்து 2005-இல் வெளியிட்டது. திருப்பூரைச் சுற்றியுள்ள கொங்கு வீடுகளிலோ "அவருகிட்டச் சொல்லிப் போடாதீங்க" என்ற வேண்டுகோள் இன்னும் நிற்கிறது. அன்பினால் வரும் வேண்டுகோள்தான். ஆனால் காலில் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரும்போது காரணத்தை எப்படி மறைப்பது?

அந்தக் கால்தான் தையல் எந்திரத்தின் பெடலை மிதிக்கிறது. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு உறுப்பிழப்பும் சனிக்கிழமைச் சம்பள இழப்பும் ஒன்றாக வருவதால், சோர்வு எதனால் என்று பிரித்துக் காட்டுவது ஆலோசகருக்கும் கடினம். தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈஎஸ்ஐ-யின் நீடித்த நோய்ப்படி இங்கே மருந்துக்கு நிகரானது: புற்றுநோய்க்கு இரண்டாண்டு வரை ஊதியத்தில் 80 விழுக்காடு. அதைப் பெற இரண்டாண்டு தொடர் வேலை காட்ட வேண்டும். சீசனுக்குச் சீசன் கம்பெனி மாறுகிறவர்களும், ஈஎஸ்ஐ பிடிக்காத ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் தைப்பவர்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை.