நாய்களுக்கு முன்னால் போனவர்கள்

செயின்ட் பெர்னார்ட் நாய் என்றாலே கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்கும் படம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பீப்பாய், லாண்ட்சீர் என்ற ஓவியர் 1820-ல் வரைந்த படத்தால் பரவிய சமாச்சாரம். நாய்களே அங்கே வந்தது 17-ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் சுவிஸ்-இத்தாலி எல்லையில் 2,469 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயை அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜனங்கள் குளிர்காலத்திலும் கடந்திருக்கிறார்கள். அப்போ பனியில் வழி பார்த்துச் சொன்னது யார்?

இதுக்கு நல்ல சாட்சி ஒருத்தர் இருக்கார். ருடோல்ஃப், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள சிந்த்-த்ரௌடன் மடத்தின் தலைவர். ரோமுக்குப் போய்விட்டு 1129 ஜனவரியில் இந்த வழியாகத் திரும்பினார். இத்தாலிப் பக்கம், கணவாய்க்குக் கீழே செயின்ட்-ரெமி என்ற சின்ன ஊரில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. வீடுகள் மேலேயே பனிச்சரிவு விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஊர் வழிகாட்டிகளுக்கு 'மரோன்' என்று பெயர். தலையில் கம்பளித் தொப்பி, கையில் முரட்டுக் கையுறை, காலில் இரும்பு முள் வைத்த உயரமான பூட்ஸ், பனிக்கு அடியில் பாதையைக் குத்திப் பார்க்க நீளமான கழி. இன்றைக்கு மலையேறுகிறவர்கள் பூட்ஸில் மாட்டும் இரும்புப் பல்லும் அடிப்படையில் இதேதான், 900 வருஷத்தில் உலோகம்தான் மாறியிருக்கு.

ஆபத்து அதிகம் என்று கூலியும் அதிகமாகவே கேட்டார்கள். நியாயம்தானே! ஏற்பாடு இப்படி: முதலில் மரோன்கள், பின்னால் நடந்து வரும் யாத்ரீகர்கள், அப்புறம் குதிரைகள். இத்தனை பேர் மிதித்துக் கெட்டியான தடத்தில், கடைசியாக 'உடம்பு நோகாத' பெரியவர்கள் வருவார்கள். இதை ஒளிக்காமல் எழுதி வைத்ததற்காகவே ருடோல்ஃபை எனக்குப் பிடிக்கும்.

மரோன்கள் முன்னால் போனார்கள். யாத்ரீகர்கள் தேவாலயத்தில் பிரார்த்தனையில் இருந்தார்கள். அப்போது மலையே பெயர்ந்த மாதிரி பனி சரிந்து பத்து மரோன்களை அடித்துக்கொண்டு போனது. ஊரே ஓடிப்போய்த் தோண்டியது. சிலரைப் பிணமாகவும், சிலரை உயிரோடும், சிலரை எலும்பு முறிந்தும் எடுத்தார்கள்.

ஏன் அப்படிச் சரிகிறது? புதுப்பனி கொட்டும்போது காற்றும் அடித்தால், மலையின் மறைவுப் பக்கச் சரிவில் பனி பலகை மாதிரி திரண்டு நிற்கும். அதற்கு அடியில் பழைய பனி பலவீனமாக இருந்தால் ஒரு ஆள் பாரமே போதும், மொத்தப் பலகையும் உடைந்து கிளம்பிவிடும். 30 முதல் 45 டிகிரி சரிவுதான் ரொம்ப மோசம். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும். ஆக ஊர்க்காரர்கள் ஓடிய ஓட்டம்தான் அன்றைக்கு இருந்த ஒரே வைத்தியம்.

யாத்ரீகர்கள் பயந்து கீழே இருந்த ஊருக்கு ஓடிவந்தார்கள். ஜனவரி 6-ஆம் தேதிப் பண்டிகையை அங்கேயே கழித்துவிட்டு, வானம் தெளிந்ததும் மறுபடி மரோன்களை அமர்த்திக்கொண்டு கணவாயைக் கடந்தார்கள். பத்துப் பேர் அடித்துப்போகப்பட்ட அதே சரிவில், அதே வேலைக்கு ஆள் வந்தது!

1964-ல் மலைக்கு அடியில் சுரங்கச் சாலை திறந்தாச்சு. மேலே இருக்கும் பழைய சாலை இப்போதும் குளிர்காலத்தில் மூடித்தான் கிடக்கிறது. ஸ்கீ மாட்டிக்கொண்டு மடம் வரை ஏறுகிறவர்களின் பையில் மடக்குக் கழி ஒன்று இருக்கும். பாதை தேட இல்லை, புதைந்த ஆளைத் தேட.