வீட்டுத் தொட்டி மண்ணில் வெள்ளைப் பூசணமா? மருந்துக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் நல்லம்பள்ளி வட்டாரத்தில் பலரும் சொல்லும் புகார் இது. திண்ணையிலும் வீட்டுக்குள்ளும் வைத்திருக்கும் மணி பிளாண்ட், சோற்றுக்கற்றாழை, கறிவேப்பிலைக் கன்று போன்றவற்றின் தொட்டி மண்ணில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம் படர்கிறது. வயலுக்கு வாங்கிய கார்பன்டசிம் பொட்டலம் வீட்டில் மீதம் இருந்தால், அதில் கொஞ்சம் கரைத்து ஊற்றத் தோன்றும். அது தேவையில்லை. பெரும்பாலும் பயனும் இல்லை. வீட்டுக்குள் ஊற்றுவது குழந்தைகளுக்கு ஆபத்தும் கூட.

மண்ணின் மேல் தெரியும் வெள்ளைப் பூசணம் பெரும்பாலும் செடியைத் தாக்குவதில்லை. மக்கிக்கொண்டிருக்கும் எரு, தென்னை நார்க் கழிவு, காய்ந்த இலை ஆகியவற்றைத் தின்று வளர்கிறது. ஆனால் மண் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஈரம் நீடித்தால் வேரை அழுகச் செய்யும் பித்தியம், ரைசோக்டோனியா போன்ற நோய்க்கிருமிகள் பெருகும்.

முதலில் எது என்று கண்டறியுங்கள்

- உப்புப் படிவு: தருமபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை உள்ளது. அந்த நீரை ஊற்றிவந்தால் மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படியும். விரலால் தேய்த்தால் மணல் போல நெருடும். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு, பூசணம் அல்ல.
- மேல்மண் பூசணம்: பஞ்சு அல்லது நூலாம்படை போல மென்மையாக இருக்கும். செடி நன்றாகவே இருக்கும்.
- மஞ்சள் காளான்: சில தொட்டிகளில் திடீரென்று மஞ்சள் நிறக் குடைக்காளான் முளைக்கும். செடிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தின்றால் உடலுக்கு ஆகாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உடனே பிடுங்கி எறியுங்கள்.
- வேர் அழுகல்: மண் ஈரமாக இருந்தும் செடி வாடும். அடி இலைகள் மஞ்சளாகும், தண்டின் அடிப்பகுதி கொழகொழப்பாகும், மண்ணில் அழுகல் நாற்றம் வரும். உடனே கவனிக்க வேண்டியது இதுதான்.

ஏன் வருகிறது?

வயலில் வெயிலும் காற்றும் ஈரத்தை இழுத்துவிடும். வீட்டுக்குள் அப்படி இல்லை. வெளியில் தினமும் தண்ணீர் கேட்கும் அதே செடிக்கு உள்ளே வாரம் ஒருமுறை போதுமாக இருக்கலாம். வயல் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் தொட்டியில் அது இறுகி, நீர் வடியாமல் நிற்கும். நார்க் கழிவு மட்டும் நிரப்பினால் மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். அரிசி கழுவிய நீர், டீத்தூள் சக்கை, மோர் ஆகியவற்றை நேராக ஊற்றுவதும் பூசணத்துக்குத் தீனி போடுவதுதான். அவற்றை எருக்குழியில் போட்டு மக்கிய பிறகு பயன்படுத்துங்கள்.

மேல்மண் பூசணத்தை நீக்கும் முறை

1. தொட்டியை வெளியே எடுத்துச் செல்லுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.
2. மேல்மண்ணை ஓர் அங்குலம், வேர் அறுபடாமல் கரண்டியால் வழித்து எடுங்கள். காய்ந்த இலைகளையும் அகற்றுங்கள்.
3. அடித்துளை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கீழ்த்தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.
4. வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் சில நாட்கள் வையுங்கள். நிழலில் பழகிய செடியை உச்சி வெயிலில் வைத்தால் இலை கருகும்.
5. எடுத்த மண்ணுக்குப் பதில் ஆற்று மணலும் நன்கு மக்கிய தொழுஉரமும் கலந்து இடுங்கள்.
6. மண்ணுக்குள் விரலை இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம்.

உப்புப் படிவாக இருந்தாலும் மேல்மண்ணை மாற்றி, மழைநீரைத் தாராளமாக ஊற்றி அடித்துளை வழியாக முழுவதும் வடியவிட வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பதால்தான் இம்மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் போன்ற அழகுச் செடிகளின் இலை நுனி ஃபுளோரைடால் கருகும். அவற்றுக்கு மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவது நல்லது.

வேர் அழுகியிருந்தால்

செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்து வேரைக் கழுவுங்கள். நல்ல வேர் வெண்மையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இழுத்தால் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் நிற்கும். சுத்தமான கத்தியால் அழுகியதை முழுவதும் வெட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுஉரம் கலந்த புதுமண்ணில் நடுங்கள். பழைய தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கற்றாழையை வெட்டுக்காயம் உலரும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் வைத்து நடலாம். வேர் முழுவதும் போய்விட்ட மணி பிளாண்டில் நல்ல கொடியைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் புது வேர் விடும்.

மீண்டும் வராமல் தடுக்க

ஒரு கிலோ மக்கிய தொழுஉரத்துக்கு 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, லேசாக ஈரம் தெளித்து, நிழலில் 15 நாள் மூடி வையுங்கள். 3-4 நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பிறகு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வீதம் மேல்மண்ணில் கலந்துவிடலாம். இதுவும் ஒரு பூசணம்தான், ஆனால் நன்மை செய்வது. எருவில் வெள்ளையாகவும் பிறகு பச்சையாகவும் படர்ந்தால் பயப்பட வேண்டாம். வாங்கும்போது காலாவதி தேதியைப் பாருங்கள். ரசாயனப் பூசணக்கொல்லியோடு கலக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

- கார்பன்டசிம் பித்தியத்தைக் கட்டுப்படுத்தாது. அழுகும் தொட்டியில் அதை ஊற்றினால் மண்ணில் உள்ள நல்ல பூசணங்கள்தான் சாகும்.
- காப்பர் ஆக்சிகுளோரைடு (லிட்டருக்கு 2.5 கிராம்) வெளியில் உள்ள நாற்றங்காலுக்கு உரியது. வீட்டுக்குள் ஊற்ற வேண்டாம்.
- சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். அதில் உள்ள சோடியம் மண்ணில் தங்கி வேரைப் பாதிக்கும்.

வயலுக்கும் இது பாடம்

அழுகிய தொட்டி மண்ணைத் தக்காளி, மிளகாய் நாற்றங்கால் பக்கம் கொட்டிவிடாதீர்கள். தொட்டியில் வேரை அழுக்கும் பித்தியம்தான் நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்கி, முளைத்த நாற்றுகளை ஒரே வாரத்தில் சாய்த்துவிடும். அந்த மண்ணை ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளின் கீழ் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஏப்ரல்-மே வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்தால் கிருமிகள் பெருமளவு அழியும். சந்தேகம் இருந்தால் பாதிக்கப்பட்ட செடியை வேரோடு எடுத்துக்கொண்டு, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ காட்டிக் கேளுங்கள்.