வேட்டிச் சட்டம் பிறந்த கதை

காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர் சாதாரண நாளில் பேன்ட் போட்டுக்கொண்டு பேங்குக்குப் போய்வருவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று வந்துவிட்டால் பீரோவிலிருந்து எட்டு முழ வேட்டிதான் வெளியே வரும். கரை நேராகக் கணுக்காலில் விழும்படி கட்டி, மண்டப வாசலில் நின்று ‘வாங்க, வாங்க’ என்று கும்பிடுவார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் மரியாதையான உடுப்பு கிடையாது. களத்தில் தேங்காய்ப் பருப்பைக் கிளறிக்கொண்டு மடித்துக் கட்டியபடி நிற்கிற ஆள்கூட, பெரியவர் யாராவது எதிரே வந்தால் வேட்டியை இறக்கிவிட்டுத்தான் பேசுவார்.

அந்த உடுப்போடு வந்த ஒரு நீதிபதியைத்தான் 2014 ஜூலை 11 அன்று சென்னையில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டி சட்டையில் போயிருந்தார். பேன்ட், ஷூ இல்லாமல் உள்ளே விடக் கூடாது என்பது கிளப்பின் அன்றைய விதி. வேட்டியில் வந்த வழக்கறிஞர்கள் இருவருக்கும் அதே பதில்தான்.

இந்த விதியின் ஊர் இதுவல்ல. வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்புகளை எந்தப் பழக்கத்தில் நடத்தினார்களோ, அதே பழக்கத்தில்தான் அவர்களை இங்கே கொண்டுவந்த கப்பல்களும் ஓடின. முதல் வகுப்பில் ராத்திரிச் சாப்பாட்டுக்கென்று தனியாகக் கோட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தப் பதார்த்தத்துக்கு எந்தக் கத்தி, எந்த முள்கரண்டி என்று தெரிந்திருக்க வேண்டும். கரையிறங்கும் முன் பரிமாறியவருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டவருக்கும் டிப்ஸ் கொடுத்துவிட வேண்டும். பந்தியில் பங்காளிகளே வாளி தூக்கிப் பரிமாறுகிற ஊர்க்காரனுக்கு இதில் எதுவும் பிடிபட்டிருக்காது.

1888 செப்டம்பரில் பம்பாயில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பதினெட்டு வயது காந்திக்கும் பிடிபடவில்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாத கூச்சத்தில் அவர் சாப்பாட்டு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்றார். கப்பலில் கறுப்பு சூட். இறங்கும்போது போட என்று வெள்ளை பிளானல் சூட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த இலையுதிர்காலத்தில் வெள்ளை உடுத்திய ஆள் அவர் ஒருவர்தான் என்பது. அதே மனிதர் 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1931 ஆகஸ்டில் வட்டமேசை மாநாட்டுக்காக ‘ராஜ்புதானா’ கப்பலில் ஏறியதும் அந்த அரையாடையோடுதான். அந்த நவம்பரில் பக்கிங்காம் அரண்மனை விருந்துக்குப் போனபோதும் அவர் அதை மாற்றவில்லை. அரசரின் அரண்மனையே வழிவிட்ட உடுப்புக்கு, எண்பத்து மூன்று வருஷம் கழித்துச் சேப்பாக்கத்தில் வழி கிடைக்காமல் போனது.

கட்சி வேறுபாடில்லாமல் கண்டனம் எழுந்தது. சில நாட்களிலேயே முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் பேசினார். ஆகஸ்டில் மசோதா நிறைவேறியது. கிளப், சங்கம், திரையரங்கு, வணிக வளாகம் போன்ற எந்தப் பொது இடத்திலும் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்தவரை உடையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகலாம்.

இந்தச் சட்டம் வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் இதன் பிறந்த கதையைக் கப்பலோடும் கிளப்போடும் முடித்துவிட்டால் அது பாதிக் கதைதான். எந்த வெள்ளைக்காரனும் சொல்லித்தராத உடை விதி எங்கள் ஊர்களிலேயே இருந்தது. தலித் மக்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது, ஊர்த் தெருவில் காலில் செருப்பு இருக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். மரியாதைக்காக வேட்டியை இறக்கிவிடுகிற உரிமைகூட எல்லோருக்கும் இருக்கவில்லை. சாப்பாட்டு விதியும் இருந்தது. டீக்கடையில் ஒருவருக்குக் கண்ணாடிக் கிளாஸ், இன்னொருவருக்குத் தனியாக மாட்டிவைத்த குவளை. குடித்து முடித்தால் அவரே கழுவிவைக்க வேண்டும்.

உணவகத்தில் எல்லோருக்குமான பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் குற்றத்துக்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம். 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. அதற்குப் பிறகும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து இரட்டைக் குவளைப் புகார்கள் வந்துகொண்டேதான் இருந்தன. நீதிபதியின் வேட்டிக்காக ஒரே மாதத்தில் சட்டம் கொண்டுவரத் தெரிந்த மாநிலம், அந்தப் புகார்களையும் அதே வேகத்தில் விசாரித்திருக்க வேண்டும்.