கயிறு பிடித்து அளந்த காடு

சுரங்கத்துக்குள் இறங்குமுன் அதன் மேலே நின்ற காட்டைப் பார்த்துவிடுவோம். இந்தக் கதையில் காட்டுக்குத்தான் முதல் இடம்.

ஜெர்மனியின் சாக்சனிக்கும் பொஹீமியாவுக்கும் நடுவே நீள்கிறது எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர். 1168 வாக்கில் இன்றைய ஃப்ரைபெர்க் பக்கம் வெள்ளி கிடைத்தது. பிறகு ஷ்னேபெர்க், அன்னாபெர்க் என்று சுரங்க ஊர்கள் முளைத்தன. வெள்ளி மண்ணுக்குள் இருந்தாலும் அதை வெளியே கொண்டுவர மரம் வேண்டும். தீ மூட்டிச் சூடேற்றித்தான் கெட்டிப் பாறையைப் பிளந்தார்கள். சுரங்கம் சரியாமல் முட்டுக்கொடுக்க மரம், நீர் இறைக்கும் சக்கரத்துக்கு மரம், உலைக்கு மரக்கரி. சுரங்கம் ஆழமாக ஆழமாக மலை மொட்டையாகிக்கொண்டே வந்தது.

1560-ல் சாக்சனியை ஆண்ட அகஸ்ட், காட்டுக்கும் மரத்துக்கும் தனிச் சட்டம் போட்டார். சட்டம் போட்டால் போதுமா? யார் காடு எதுவரை என்று தெரிய வேண்டாமா? 1586-ல் நிலம் முழுவதையும் அளக்கும் வேலை தொடங்கியது. அந்த ஆண்டே அகஸ்ட் இறந்துபோனார், வேலை நிற்கவில்லை.

பொறுப்பு மத்தியாஸ் ஓடரிடம் வந்தது. அவர் சுரங்க அளவையாளர். ஒருவர் சுரங்கம் அடுத்தவர் எல்லைக்குள் நுழைந்துவிட்டதா என்று பூமிக்கடியில் அளந்து சொல்வது அவர் தொழில். இருட்டில் பழகிய கயிற்றையும் திசைகாட்டியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். கயிறு பிடித்தே காடுமேடெல்லாம் நடந்து அளந்திருக்கிறார்கள். அளந்ததை நிலப்படமாக வரைந்தார்கள். அதன் அளவுவிகிதம் 1:13,333. அதாவது நிலத்தில் ஒரு கிலோமீட்டர், தாளில் ஏழரை சென்டிமீட்டர். ஊரும் ஓடையும் ஆலையும் காட்டு எல்லையும் அதில் தெரிகின்றன. நம் கண்ணுக்குப் பழகிய சம உயரக் கோடுகள் மட்டும் கிடையாது. அவை வர இன்னும் காலம் இருந்தது.

இன்னொரு விசேஷம், இந்தப் படத்தில் தெற்குதான் மேலே. சாக்சனிக்கு மலை தெற்கே இருப்பதால், டிரெஸ்டன் அரண்மனையிலிருந்து மலையை நோக்கி நிற்பவர் பார்வைக்கு அப்படியே பொருந்துகிறது. அதற்காகவே அப்படி வரைந்தார்களா, சொல்ல முடியாது. ஆனால் இதைப் போர்ப்படமாக நினைப்பது தவறு என்பேன். இது அரசனின் சொத்துக் கணக்கு. அந்தச் சொத்தில் பெரும்பங்கு விறகும் வேட்டையும்.

1614-ல் ஓடர் இறந்தபின் உறவினர் பல்தாசர் சிம்மர்மான் வேலையைத் தொடர்ந்தார். படம் நெடுநாள் அச்சேறாமலே கிடந்தது. 1889-ல்தான் புவியியலாளர் சோஃபஸ் ரூகே அதைப் பதிப்பித்து வெளியே கொண்டுவந்தார்.

அளந்ததால் காடு பிழைத்ததா? 1713-ல் அதே ஃப்ரைபெர்க்கின் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ், மரப் பஞ்சத்தைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுத வேண்டிவந்தது. அது அடுத்த வாரம்.