சலாபக் காலத்துத் தூக்கம்

முத்துக்குளிப்புப் பருவத்தை மன்னார் வளைகுடாக் கரையில் சலாபம் என்பார்கள். அந்த நாட்களில் தூத்துக்குடிப் பரதவர் எப்போது படுப்பது, எப்போது எழுவது என்பதெல்லாம் காற்றின் கையில் இருந்தது. முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளான பார்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளிக் கிடந்தன. பாய்த்தோணி அங்கே போய்ச்சேர நிலக்காற்று வேண்டும். அது இரவில் வீசும். திரும்பக் கடற்காற்று வேண்டும். அது நண்பகலையொட்டி எழும். இடைப்பட்ட காலைப்பொழுதுதான் குளிப்புக்கு.

இந்த ஒழுங்கைத் தெளிவாக எழுதிவைத்தவர் ராபர்ட் பெர்சிவல். 1803-இல் வெளியான அவருடைய இலங்கை நூல், வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள அரிப்பு என்ற ஊரில் நடந்த சலாபத்தை விவரிக்கிறது. தூத்துக்குடிக் குளிகாரர்களும் அங்கே போவதுண்டு. இரவு 10 மணியளவில் பீரங்கி முழங்கும். தோணிகள் எல்லாம் ஒன்றாகப் பாய்விரிக்கும். விடியுமுன் பாரை எட்டி, சூரியன் எழுந்ததும் குளிக்கத் தொடங்குவார்கள். தோணிக்குப் பத்துக் குளிகாரர். ஐந்து பேர் இறங்க, ஐந்து பேர் இளைப்பாறுவார்கள். ஒருவரே நாளொன்றுக்கு 40, 50 தடவை மூழ்குவதும் உண்டு. திரும்பும் தோணிகள் கண்ணில் பட்டதும் கரையில் இன்னொரு வெடி. மூச்சடக்கும் நேரம் இரண்டு நிமிடம் என்று பெர்சிவல் எழுதியதை மட்டும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பின்னால் கடிகாரம் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நிமிடத்தை ஒட்டியே வந்தது.

ஒரே வெடியில் எல்லாரையும் கிளப்பியது அரசுக்கும் வசதிதான். பிரிட்டிஷ் ஆட்சியின் பிற்பகுதியில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. முந்திப் போகும் தோணியைக் கண்காணிப்பது கடினம். கரைசேர்ந்து, சிப்பியை இறக்கி, பங்கு பிரித்து முடித்தால், அடுத்த வெடிக்கு முன் கண்ணயர எஞ்சுவது மாலையும் முன்னிரவும். பிறகு தோணியில் கிடைக்கும் குட்டித்தூக்கம்.

இப்படித் துண்டுபட்ட தூக்கத்தை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே அளக்கும் கருவிகள் 1970-களிலிருந்தே உருவாயின. மணிக்கட்டின் அசைவைப் பதிந்துகொண்டே போய், நெடுநேரம் அசையாமலிருந்தால் தூக்கம் என்று கணிப்பது இவற்றின் வேலை. இன்றைய கைக்கடிகார உணரிகளுக்கும் அடிப்படை அதுவே. ஆனால் அவை நிலையான கட்டிலை நம்பியவை. தோணியில் படுத்தவரின் கையில் கட்டினால், உடலின் அசைவு எது, அலையின் அசைவு எது என்று பிரித்தறிந்தாக வேண்டும்.

சலாபத் தோணியில் அதைச் சோதித்துப் பார்க்க இன்று வழியில்லை. தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துச் சலாபம் 1961-உடன் நின்றுபோனது. மீன்பிடியில் இயந்திரம் புகுந்ததும் காற்றுக்குக் காத்திருக்கும் தேவை குறைந்தது. இப்போது விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரைதிரும்ப வேண்டும் என்பது மீன்பிடி ஒழுங்குமுறை விதி.