கடலில்லாத ஊரும் உப்பும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை இருக்கிறது. மலையடியில் மாந்தோப்பு இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துப் பாட்டிமார்களில் பலர் கடலைக் காணாமலே கண்ணை மூடினார்கள். ஆனால் உப்பில்லாமல் அவர்கள் ஒருநாளும் உலை இறக்கியதில்லை. அந்த உப்பு சர்க்காருக்கு வரி செலுத்திவிட்டுத்தான் எங்கள் ஊர்ச் சட்டிக்கு வந்து சேரும். ஆகையால் 1930-ல் நடந்த உப்பு யாத்திரையைக் கடற்கரைக்காரர்கள் சமாசாரம் என்று நாங்கள் ஒதுக்கிவிட முடியாது.

காந்திஜி தண்டிக்கு நடந்தது உலகப் பிரசித்தம். தமிழ்நாட்டில் ராஜாஜி நடந்ததைத்தான் நாம் கொஞ்சம் மறந்துவிட்டோம். 1930 ஏப்ரல் 13-ம் தேதி, திருச்சியில் டாக்டர் ராஜனின் வீட்டிலிருந்து சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். போக வேண்டிய இடம் வேதாரண்யம். தூரம் 150 மைல். வழிநடைக்கு நாமக்கல் கவிஞர் ஒரு பாட்டு எழுதிக் கொடுத்திருந்தார். நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் காவிரிக் கரையோடு நடப்பது, போகிற ஊரில் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் பற்றிப் பேசுவது, கிடைத்த இடத்தில் தங்குவது: இதுதான் ஏற்பாடு.

இந்தக் 'கிடைத்த இடம்' என்பதில்தான் கதையே இருக்கிறது.

தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை ஓர் உத்தரவு போட்டார். யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலும், படுக்க இடம் கொடுத்தாலும் ஆறு மாதம் சிறை. துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, தண்டோராவும் போட்டார்கள். துரை முட்டாள் இல்லை. அடித்தால் ஊர் கூடிவிடும்; பட்டினி போட்டால் கூட்டம் தானே கலைந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் வந்தவனுக்கு இலை போடாதே என்று தஞ்சாவூர்க்காரனிடம் சொல்லலாமா? சத்திரங்களுக்குப் பேர்போன சீமையாயிற்றே!

சில இடங்களில் கதவு திறக்கவில்லை என்பது உண்மைதான். ஆற்றங்கரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தார்கள். விடிந்து நடந்தால், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின! யார் கட்டியது? போலீசுக்கும் தெரியாது, சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது. உணவுப் பாத்திரங்களை மண்ணில் புதைத்து வைத்துவிட்டு, இடத்துக்கு மட்டும் அடையாளம் காட்டிய ஊர்களும் உண்டாம். இதை நான் ஒரு நாவலில் எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் மறைத்துச் செய்யவில்லை. சட்டசபையில் அங்கத்தினராக இருந்தவர் அவர். பகிரங்கமாகவே அழைத்து விருந்து போட்டார். அதற்காக ஆறு மாதம் சிறைக்கும் போனார். உப்பு அள்ளிச் சிறை போனவர்களைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. சாம்பார் ஊற்றிச் சிறை போனவருக்கும் அதில் ஒரு பக்கம் வேண்டும் என்பது என் கட்சி.

ஏப்ரல் 28-ல் வேதாரண்யம் வந்தது. அங்கே அவர்களை வரவேற்ற வேதரத்தினம் பிள்ளை பிறகு தம் சொத்தையே பறிகொடுத்தார். 30-ம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு எடுத்தார், கைதானார், அவருக்கும் ஆறு மாதம். வைரப்பன் என்ற நாவிதர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை மடித்துவிட்டார். மீதியைச் செய்ய மறுத்ததற்காக அவரும் சிறை சென்றார்.

எங்கள் சீமைக்கு வருகிறேன். 1927-லேயே காந்திஜி ராஜபாளையத்துக்கு வந்து போயிருந்தார். பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியான குமாரசாமி ராஜா தமது வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் அது. அடுத்த ஊரான விருதுநகரிலும் கடல் கிடையாது. அங்கேயிருந்து காமராஜ் என்ற இளைஞர் வேதாரண்யப் போராட்டத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. இரண்டு வருஷம் தண்டனை. 1931-ல் காந்தி-இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டதால் முன்னதாகவே விடுதலையாகி ஊர் திரும்பினார்.